ஒகவாங்கோ டெல்டாவில் சொகுசு சஃபாரி முகாம்: மாதத்தைத் தேர்வது முதல் வீடு திரும்புவது வரை

ஆறு என்றால் கடலில் சேர வேண்டும் என்ற கணக்கு ஒகவாங்கோ ஆற்றுக்குப் பொருந்தாது. அங்கோலாவின் மேட்டுநிலங்களில் பிறந்து, நமீபியாவின் ஒடுங்கிய நிலத்துண்டு ஒன்றைக் கடந்து, மொஹெம்போ என்னும் எல்லை ஊரருகே போட்ஸ்வானாவுக்குள் நுழையும் இந்த ஆறு, கலஹாரி மணலில் விசிறிபோல விரிந்து, எண்ணற்ற தீவுகளையும் கால்வாய்களையும் நாணற்காடுகளையும் உண்டாக்கிவிட்டு, அங்கேயே முடிந்துபோகிறது. வந்து சேரும் நீரில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்குதான் தெற்கே வெளியேறுகிறது. ஏனையது வெயிலில் ஆவியாகவும், மரஞ்செடிகள் உறிஞ்சி வெளிவிடும் ஈரமாகவும் வானத்துக்கே திரும்பிவிடுகிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2014-ஆம் ஆண்டு 1,000-ஆவது இடமாகச் சேர்க்கப்பட்டது இந்த ஈரநிலம்தான்.

இங்குள்ள சொகுசு முகாம்களில் தங்குவதற்குப் பெரும்பணம் செலவாகும். பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் பயணம் இது. இதைத் திட்டமிடும்போது பலரும் சிங்கம், சிறுத்தை, யானை என்று விலங்குப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். எந்த மாதத்தில், எந்த இடத்தில், எவ்வளவு நீர் நிற்கும் என்பதிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. எந்த வகை முகாம், படகா ஜீப்பா, எத்தனை இரவு, என்ன உடை என்னும் மற்ற முடிவுகள் எல்லாம் நீரின் பின்னால் வருபவை.

முதல் படி: நீரைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டெல்டாவில் வெள்ளம் பெருகும் காலம் உள்ளூர் மழை முற்றிலும் நின்று வானம் வறண்டு கிடக்கும் காலம். அங்கோலாவில் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழைநீர், சரிவே இல்லையோ என்று தோன்றும் சமநிலத்தில், பாப்பிரஸ் கோரைகளுக்கு இடையே ஊர்ந்து வருவதால், டெல்டாவின் வடமேற்கில் கைப்பிடிபோல நீண்டிருக்கும் பகுதியை மார்ச், ஏப்ரல் அளவிலும், தென்விளிம்பில் உள்ள மௌன் நகரை ஜூன், ஜூலை அளவிலும்தான் எட்டுகிறது. சுற்றுவட்டாரக் காடுகளில் குட்டைகள் வற்றிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இங்கே தண்ணீர் ஏறுவதால்தான், ஏறத்தாழ 1,30,000 யானைகள் வாழும் ஒரு நாட்டின் விலங்குகள் இந்தப் பக்கம் நோக்கி நடக்கத் தொடங்குகின்றன.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீர் அதிகம், வானம் தெளிவு, குளிர் கடுமை. விடியற்காலையில் வெப்பநிலை 5 டிகிரிக்கு அருகே இறங்குவதுண்டு. மோகோரோ எனப்படும் மெல்லிய படகில் போக விரும்புவோருக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் நீர் வடியத் தொடங்கும். எஞ்சிய நீரோரங்களில் விலங்குகள் நெருக்கியடித்து நிற்கும். வெயில் 40 டிகிரியைத் தொடும். கொன்றுண்ணிகளைப் பார்ப்பதே முதல் நோக்கம் என்றால், வெயிலைப் பொறுத்துக்கொண்டு இந்த மாதங்களில் போகலாம். நவம்பர் முதல் மார்ச் வரை உள்ளூர் மழைக்காலம்: புல் உயர்ந்து விலங்குகளை மறைக்கும், பிற்பகல்களில் இடி இடிக்கும், ஆனால் வலசைப் பறவைகள் வந்திருக்கும், இம்பாலா மான்கள் குட்டி ஈன்றிருக்கும், முகாம்களின் கட்டணமும் வெகுவாகக் குறைந்திருக்கும். பறவைகளுக்காகவே பயணம் செய்பவர் இந்தப் பருவத்தை ஒதுக்கக் கூடாது. ஏப்ரலும் மே மாதமும் இடைப்பட்டவை. நிலம் பச்சையாகவும் கட்டணம் நடுத்தரமாகவும் இருக்கும் மாதங்கள் அவை. எனக்கு மே மாதத்தின் பின்பாதி மிகவும் பிடிக்கும்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். வெள்ளம் ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும். 2019-ஆம் ஆண்டு மிகக் குறைந்த வெள்ளமே வந்தது. வழக்கமாகப் படகு ஓடும் பல இடங்கள் மணலாகக் கிடந்தன. எனவே முன்பதிவுக்கு முன், 'நான் வரும் வாரத்தில் உங்கள் முகாமிலிருந்து மோகோரோ செல்லுமா, கடந்த சில ஆண்டுகளில் அதே வாரத்தில் சென்றதா?' என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்துமூலமான பதிலைப் பெறுங்கள்.

இரண்டாம் படி: நீர் முகாமா, நில முகாமா என்று முடிவு செய்யுங்கள்

ஆண்டு முழுவதும் நீர் சூழ்ந்த பகுதிகளில் உள்ளவை நீர் முகாம்கள். அங்கே படகு, மோகோரோ, தீவு நடை ஆகியவையே நாளை நிரப்பும். மீன் கழுகு, செந்நிற லெச்வே மான், அதிர்ஷ்டம் இருந்தால் கோரைக்குள் மறைந்து வாழும் சிட்டாடுங்கா மான் ஆகியவற்றைக் காணலாம். ஆனால் சிங்கத்தைத் தேடி ஜீப்பில் நெடுந்தூரம் செல்ல வழியிருக்காது. மேட்டுநிலத்திலும் டெல்டாவின் ஓரங்களிலும் அமைந்த நில முகாம்களில் ஜீப் பயணமே முதன்மை. இரண்டும் கலந்தவையும் உண்டு. அவற்றில் என்ன கிடைக்கும் என்பதை மாதமே தீர்மானிக்கும்.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, முகாம் மொரேமி வனவிலங்குக் காப்பகத்துக்குள் இருக்கிறதா, வெளியே தனிக் குத்தகை நிலத்தில் இருக்கிறதா என்பது. மொரேமியின் வரலாறு மதிப்புக்குரியது: கட்டுப்பாடற்ற வேட்டையால் தங்கள் நிலம் வெறுமையாவதைக் கண்ட பட்டவானா மக்கள், மறைந்த தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவியும் அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவருமான புலானே மொரேமியின் முன்னெடுப்பில், 1963-ஆம் ஆண்டு தங்கள் சொந்த நிலத்தையே காப்பகமாக ஒதுக்கினார்கள். விலங்குச் செறிவுக்குப் பெயர்பெற்ற சீஃப்ஸ் தீவு இதற்குள்தான் இருக்கிறது. ஆனால் காப்பகத்துக்குள் இரவில் வண்டி ஓட்டக் கூடாது, தடத்தை விட்டு விலகக் கூடாது. குத்தகை நிலங்களில் இரவுப் பயணம், தடம் விலகிச் சென்று விலங்கைப் பின்தொடர்தல், துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியுடன் நடை ஆகியவற்றுக்குப் பொதுவாக இடம் உண்டு. வேட்டையாடும் காட்டு நாய்க் கூட்டத்தைப் பின்தொடர வேண்டும் என்றால் குத்தகை நிலம்தான் வசதி. க்வாய் போன்ற இடங்களில் உள்ளூர்ச் சமூகத்தின் அறக்கட்டளையே நிலத்தை நிர்வகித்துக் குத்தகை வருவாயைப் பெறுகிறது. உங்கள் பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று கேட்பது தவறே இல்லை.

மூன்றாம் படி: இரவுகளும் செலவும்

ஒரு முகாமில் மூன்று இரவுகளுக்குக் குறைவாகத் தங்க வேண்டாம். முதல் நாள் பிற்பகல் வந்து சேர்வதிலும் கடைசி நாள் காலை கிளம்புவதிலும் கழிந்துவிடும். இரண்டு இரவு என்பது உண்மையில் ஒரே ஒரு முழு நாள். மூன்று இரவு நீர் முகாமிலும் மூன்று இரவு நில முகாமிலும் தங்குவது என் பரிந்துரை. நான்கு முகாம்களை எட்டு நாளில் பார்க்கும் திட்டங்களை ஏற்க வேண்டாம். பாதிப் பயணம் விமான ஓடுதளத்திலேயே கழியும்.

போட்ஸ்வானா நெடுங்காலமாகவே குறைந்த எண்ணிக்கையில் பயணிகள், அதிகக் கட்டணம் என்ற கொள்கையைப் பின்பற்றி வருகிறது. பல முகாம்களில் பத்துப் பன்னிரண்டு கூடாரங்களுக்கு மேல் இருப்பதில்லை. உச்சப் பருவத்தில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,000 அமெரிக்க டாலரைத் தாண்டுவது இயல்பு. பெயர்பெற்ற முகாம்களில் 2,000 டாலரையும் தாண்டும். கேட்பதற்கு மலைப்பாக இருந்தாலும், தங்குமிடம், எல்லா வேளை உணவு, பெரும்பாலான பானங்கள், தினமும் இரண்டு சஃபாரி, துணி துவைத்தல், காப்பகக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். முகாம்களுக்கு இடையிலான சிறுவிமானக் கட்டணம் சேர்ந்ததா என்று தனியே கேளுங்கள். தனியாகச் செல்பவருக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. குழந்தைகளுக்கு வயது வரம்பு வைத்திருக்கும் முகாம்கள் பல. மோகோரோவுக்கும் நடைக்கும் அந்த வரம்பு இன்னும் உயரும். ஜூலை முதல் அக்டோபர் வரையிலான நாட்களுக்கு ஓராண்டு முன்னரே பதிவு செய்வது நல்லது. விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும்.

நான்காம் படி: ஆவணங்களும் உடல்நலமும்

டெல்டாவின் வாசல் மௌன் நகரம். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகவோ, அடிஸ் அபாபா, நைரோபி போன்ற ஆப்பிரிக்க நகரங்களின் வழியாகவோ ஜோகன்னஸ்பர்க் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மௌனை அடைவது பலரும் செல்லும் வழி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய விசா தேவை என்பதால், பயணம் முழுவதையும் ஒரே டிக்கெட்டாக எடுத்து, பெட்டி மௌன் வரை நேரடியாகச் செல்லும்படி பதிவு செய்யுங்கள். தனித்தனி டிக்கெட் எடுத்து, ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டியை வாங்கி மீண்டும் ஒப்படைக்க நேர்ந்தால், விசா இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். போட்ஸ்வானா விசா விதிகளைப் பணம் கட்டுவதற்கு முன் அந்நாட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் சரிபாருங்கள். குழந்தைகளுடன் செல்வோர் பெற்றோர் பெயருடைய பிறப்புச் சான்றிதழையும், தாய் தந்தையரில் ஒருவர் மட்டும் உடன் செல்வதானால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

அடிஸ் அபாபா, நைரோபி வழியாகச் செல்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி யோசித்தாக வேண்டும். கென்யாவும் எத்தியோப்பியாவும் அந்நோயுள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், போகும் வழியிலோ இந்தியா திரும்பும்போதோ சான்றிதழ் கேட்கப்படலாம். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். கடைசி வாரம்வரை தள்ளிப்போட வேண்டாம்.

டெல்டா மலேரியா பகுதி. மழைக்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும் ஆபத்து கூடுதல். எந்தத் தடுப்பு மாத்திரை உங்களுக்கு ஏற்றது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல், மாலையில் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டிக் களிம்பும் பழக்கமாக வேண்டும்.

ஐந்தாம் படி: பை கட்டுதல்

சிறுவிமானங்களில் கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 20 கிலோ என்பது வழக்கமான வரம்பு. அதுவும் சக்கரமும் சட்டமும் இல்லாத மென்துணிப் பையாக இருக்க வேண்டும். விமானத்தின் வயிற்றுப் பகுதியில் உள்ள சிறு அறைக்குள் பையை அமுக்கித் திணிப்பார்கள். கெட்டிப் பெட்டியை அதில் நுழைக்கவே முடியாது. அது மௌனிலேயே தங்கிவிடும். உடல் எடை 100 கிலோவைத் தாண்டினால் முன்பதிவின்போதே கூச்சமின்றிச் சொல்லிவிடுங்கள். விமானத்தின் எடைச் சமநிலைக்காகவே கேட்கிறார்கள்.

முகாமில் தினமும் துவைத்துத் தருவதால் மூன்று நாள் உடை போதும். உள்ளாடைகளை மட்டும் பல முகாம்களில் பணியாளர்கள் துவைப்பதில்லை. அதற்காகக் குளியலறையில் சோப்புத்தூள் வைத்திருப்பார்கள். மண் நிறம், சாம்பல், மங்கிய பச்சை ஆகிய நிறங்கள் ஏற்றவை. இராணுவச் சீருடை போன்ற புள்ளித்துணியைத் தவிர்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் கம்பளித் தொப்பி, கையுறை, தடித்த மேலங்கி மூன்றும் வேண்டும். திறந்த ஜீப்பில் காலை ஆறு மணிக் காற்று முகத்தில் அறையும்போது இது புரியும். ஆளுக்கொரு தொலைநோக்கி அவசியம். கணவன் மனைவி இருவருக்கும் ஒன்று போதும் என்று நினைத்தால், சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும் அந்த ஐந்து நொடியை ஒருவர் இழப்பார். மின்சாரம் பெரும்பாலும் சூரிய ஒளியிலிருந்து வருகிறது. எல்லா வகைத் துளைக்கும் பொருந்தும் அடாப்டரும் கூடுதல் பேட்டரியும் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: மௌனிலிருந்து முகாமுக்கு

சிறுவிமானத்தில் இடம் கிடைத்தால் ஜன்னலோரம் உட்காருங்கள். மேலிருந்து பார்க்கும்போதுதான் டெல்டா புரியும்: பழுப்பு நிலத்தில் முதலில் மெல்லிய வெள்ளிக் கோடுகள், பிறகு பச்சைக்குள் பச்சையாகத் தீவுகள், அவற்றுக்கிடையே யானைகளும் நீர்யானைகளும் நடந்து நடந்தே வகுத்த பாதைகள். பயணம் இருபது முதல் நாற்பத்தைந்து நிமிடம். வழியில் வேறு முகாம்களில் இறங்கி ஏறுவதும் உண்டு. நண்பகலில் வெப்பக் காற்றால் விமானம் தூக்கிப் போடும். குமட்டல் உள்ளவர்கள் மாத்திரையை முன்னரே போட்டுக்கொள்ளட்டும். ஓடுதளம் என்பது புல்லுக்கு இடையே ஒரு மண் பாதை. உங்களை ஏற்றிச்செல்ல வரும் வழிகாட்டி, விமானம் இறங்குவதற்கு முன் அதன்மீது வண்டியோட்டி வரிக்குதிரைகளை விரட்டிவிட்டிருப்பார்.

இறங்கியதும் 'துமேலா ர்ரா' என்று ஆண்களையும், 'துமேலா ம்மா' என்று பெண்களையும் வணங்குங்கள். ர்ரா, ம்மா என்பவை நம் ஐயா, அம்மாவைப் போன்ற மரியாதைச் சொற்கள். வணக்கம் சொல்லாமல் நேரே காரியத்தைப் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. நன்றிக்கு 'கே அ லெபோகா'. அந்நாட்டு நாணயத்தின் பெயர் புலா. செட்ஸ்வானா மொழியில் அதன் பொருள் மழை. வறண்ட நாடு எதைச் செல்வமாகக் கருதுகிறது என்பதை அந்தப் பணத்தாளே சொல்லிவிடுகிறது.

ஏழாம் படி: முகாமின் நாள்

முகாமைச் சுற்றி வேலி இருக்காது. மரத்தூண்கள்மேல் பலகைத் தளம், அதன்மேல் கட்டில், குளியலறை எல்லாம் கொண்ட கித்தான் கூடாரம். கீழே யானை நடந்து போகும். இருட்டிய பிறகு உணவு மண்டபத்திலிருந்து கூடாரத்துக்குப் பத்தடியானாலும் பணியாளர் துணையின்றி நடக்கக் கூடாது. இந்த விதிக்கு விலக்கே இல்லை. அவசரத்துக்கு அழைக்கக் கூடாரத்தில் ஊதுகருவியோ வாக்கி-டாக்கியோ வைத்திருப்பார்கள். கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடிவையுங்கள். தின்பண்டம் உள்ளே வேண்டாம், குரங்குகள் திறக்கத் தெரிந்தவை.

விடியுமுன் எழுப்புவார்கள். சிற்றுணவு, ஜீப் அல்லது படகு, பத்துப் பதினொரு மணியளவில் திரும்பிப் பெரிய உணவு, பிறகு ஓய்வு, மூன்றரை மணி வாக்கில் தேநீர், மீண்டும் பயணம், சூரியன் மறையும்போது ஓரிடத்தில் நிறுத்திப் பானம், இரவு எட்டு மணியளவில் உணவு. சைவ உணவு உண்பவர்கள் முன்பதிவிலேயே முட்டை, மீன், பால் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு எழுதிவிடுங்கள். பொருள்கள் எல்லாம் தொலைவிலிருந்து வருவதால், வந்த பிறகு சொன்னால் சமையற்காரர் திண்டாடுவார். சோளமாவில் கிண்டும் போகோபே என்ற களி இருந்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். மொரோகோ என்ற கீரை மசியலோடு அது நம் நாவுக்கு அந்நியமாகவே இராது.

ஜீப்பில் எழுந்து நிற்காதீர்கள், குரலைத் தாழ்த்துங்கள். விலங்குகள் வண்டியையும் அதிலிருப்பவர்களையும் ஒரே உருவமாகப் பார்த்துப் பழகியவை. ஒருவர் எழுந்தால் அந்த உருவம் உடைந்துவிடும். என்ன பார்க்க ஆசை என்பதை வழிகாட்டியிடம் முதல் நாளே மனம்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவர்க்குப் பஞ்சுருட்டானின் கூட்டையும் சிங்கத்தின் பழைய தடத்தையும் காட்டுவதில் அவர்களுக்கு அத்தனை மகிழ்ச்சி.

எட்டாம் படி: மோகோரோவில் ஒரு காலை

இதற்காகவே ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால் இரண்டு காலைகள்கூடத் தகும். டெல்டாவில் வாழும் பேயி இன மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருமரங்களின் அடிமரத்தைக் குடைந்து இந்தப் படகைச் செய்துவந்தார்கள். மரங்களைக் காப்பதற்காக இன்று முகாம்களில் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே பயன்படுகின்றன. படகோட்டி பின்னால் நின்று, நீண்ட கழியை மணலில் ஊன்றித் தள்ளுவார். ஒரு படகில் பயணிகள் இருவர்தான்.

உட்காரும்போது நடுவில் காலை வைத்து, இரு ஓரங்களையும் பற்றி, மெல்ல இறங்குங்கள். படகின் விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு கைப்பிடி அகலம்தான் இருக்கும். தொடக்கத்தில் ஆடுவதுபோலத் தோன்றும். உடலைத் தளர்த்திவிட்டால் படகே சமநிலையைத் தேடிக்கொள்ளும். நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். அல்லித் தண்டுகள் அடிமணல் வரை சுருண்டு இறங்குவதைப் பார்க்கலாம். நாணல்கள் தோளில் உரசி, புல்விதைகளையும் சிறு சிலந்திகளையும் மடியில் உதிர்க்கும். ஒரு தண்டில் கட்டைவிரல் நகமளவு நாணல் தவளை, கண்ணை மூடி, ஒட்டவைத்ததுபோல் இருக்கும். படகோட்டி கழியை ஊன்றி நிறுத்தி அதைக் காட்டுவார். இரவில் முகாமைச் சுற்றிச் சிறுமணிகள்போல ஒலிப்பது இதன் இனம்தான். இலைக்கோழி தன் நீண்ட விரல்களால் அல்லி இலைமேல் நடந்து போகும்.

நீர்யானை ஆழமான நீரில் இருப்பது வழக்கம் என்பதால், அனுபவமுள்ள படகோட்டி ஆழம் குறைந்த ஓரங்களிலேயே செல்வார். அவர் திடீரென நிறுத்தினால், சுற்றுப்பாதையில் திருப்பினால், காரணம் கேட்காமல் அமைதியாக இருங்கள். கையை நீரில் விடாதீர்கள், முதலைகள் உண்டு.

இடையில் ஒரு தீவில் இறக்கி நடத்திச் செல்வார்கள். வரிசையாக, பேச்சின்றி நடக்க வேண்டும். எது எதிர்ப்பட்டாலும் ஓடக் கூடாது. அந்தத் தீவு எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள். பல தீவுகளுக்கு வித்து ஒரு கறையான் புற்று. வெள்ளத்துக்கு மேலே தலைநீட்டிய புற்றின்மேல் பறவைகள் விதையை எச்சமிட, மரம் முளைத்து, வேரில் மண் சேர்ந்து, தீவு வளர்கிறது. மரங்கள் நீரை உறிஞ்சும்போது உப்பு நடுவில் தங்கிவிடுவதால், பெரிய தீவின் மையம் வெளுத்த உவர்நிலமாக இருக்கும். அங்கே காலால் தட்டினால் மேல்மண் மெல்லிய ஓடாக நொறுங்கும். சுற்றியுள்ள நீர் நன்னீராகவே இருப்பதன் இரகசியம் அந்த வெள்ளை மண்ணில் இருக்கிறது.

ஒன்பதாம் படி: அன்பளிப்பும் விடைபெறலும்

அன்பளிப்பு கட்டாயமன்று, ஆனாலும் எதிர்பார்க்கப்படும் வழக்கம். வழிகாட்டிக்கு ஒருவர் சார்பில் நாளொன்றுக்குச் சுமார் 10 டாலர் என்ற கணக்கில் அவர் கையிலும், சமையல், துப்புரவுப் பணியாளர்களுக்குப் பொதுப் பெட்டியிலும் கொடுக்கலாம். படகோட்டியைத் தனியே நினைவில் வையுங்கள். முகாமில் பணம் எடுக்க வழியில்லாததால் சில்லறைத் தாள்களாக முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் மலேரியா மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அடோவாகோன்-புரோகுவானில் என்றால் மேலும் 7 நாள், டாக்சிசைக்ளின் என்றால் மேலும் 4 வாரம் தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துப் பார்க்காமல், அன்றே இரத்தப் பரிசோதனைக்குச் சென்று, 'ஒகவாங்கோவுக்குப் போய்வந்தேன், அது மலேரியா பகுதி' என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.